டவரைத் திட்டுவதற்கு முன்

எங்கள் பக்கத்தில் இணையம் இழுத்தால் பழி முதலில் டவரில் விழும், அடுத்து மழையில், அதற்கும் அடுத்து ரவுட்டரை வாங்கிக் கொடுத்த மருமகனில். பாதி நேரம் டவருக்கு அந்தப் பழி தகும். கிளிநொச்சி, வவுனியா போன்ற ஏ9 வீதி நகரங்களில் ஃபைபர் இழுத்த வீடுகள் உண்டு. மாங்குளத்தில் மேற்கே திரும்பி மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் உள்ளே போய்விட்டால், பெரும்பாலும் யன்னலோரத்தில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வீட்டு இணையம்.

ஆனால் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற எனக்கு அடிக்கடி வருகிற முறைப்பாடு வேறு மாதிரியானது. யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது, கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் முகம் வாட்ஸ்அப்பில் தெளிவாகத் தெரிகிறது, டொரண்ட் (ஒரே கோப்பைப் பல கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்து இறக்கும் முறை) மட்டும் ஊர்கிறது. அப்படியானால் டவரை விட்டுவிடுங்கள். காணொளி பார்ப்பவர் வாங்க மட்டும் செய்கிறார். டொரண்டில் வாங்குகிறவரே கொடுக்கவும் வேண்டும், மற்றவர்கள் அவரைத் தேடி வரவும் வழி இருக்க வேண்டும். எங்கள் வீட்டு இணைப்புகள் பழுதாக இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். இறங்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் படாது.

டொரண்ட் என்றால் களவாகப் படம் இறக்குவதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் படத்தை இறக்கித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். என் தேவை வேறு. பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட வேண்டும். அதில் ஒரு வகையான உபுண்டுவின் நிறுவல் கோப்பு ஒன்றே 6 ஜிகாபைட்டுக்குக் கிட்ட வருகிறது. இணையம் இல்லாத இடத்திலும் விக்கிப்பீடியாவைத் திறந்து பார்க்க உதவும் கிவிக்ஸ் கோப்புகள் வேண்டும். இவற்றை வெளியிடுபவர்களே டொரண்டாகவும் தருகிறார்கள். வன்னிக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணமும் உண்டு. உலாவியில் இறக்கும் பெரிய கோப்பு, 90 வீதத்தில் மின்சாரம் போனால் பல வேளைகளில் முதலிலிருந்து தொடங்கும். டொரண்ட் கோப்பைத் துண்டு துண்டாக இறக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புக் குறி இருப்பதால், பழுதான துண்டை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது, பெரிய கோப்பை இறக்க எங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கவில்லை. கணினி திடீரென அணைந்து மீண்டும் எழும்போது, வந்த துண்டுகளை மென்பொருள் ஒருமுறை சரிபார்க்கும். அந்த நேரத்தில் வேகம் பூச்சியமாகத்தான் காட்டும். பதறி அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு முறைப்பாட்டை ஒரு வரியில் முடித்துவிடலாம். கம்பனி விற்பது மெகாபிட், மென்பொருள் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 10 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 1.2 மெகாபைட் வந்தால் உங்கள் இணைப்பு முழு மூச்சாக ஓடுகிறது, தேடுவதற்குப் பழுது எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், ஓடுகின்ற டொரண்ட் ஒன்றில் சோதியுங்கள். முழுக் கோப்பையும் வைத்திருந்து கொடுப்பவர்களை சீட் என்கிறோம். சீட் ஒன்றோ இரண்டோ உள்ள பழைய டொரண்டை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு இணைப்பை அளக்க முடியாது. அந்த ஒருவர் பிரேசிலில் தன் கணினியை அணைத்துவிட்டுப் படுத்தால் இங்கே எல்லாம் நிற்கும். உபுண்டுவின் அண்மைய வெளியீட்டுக்கு எந்த நேரமும் ஏராளமான சீட்கள் இருக்கும். அதே கோப்பை உலாவி வழியாகவும் சில நிமிடம் இறக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் ஊர்ந்தால் பழுது இணைப்பில். உலாவியில் ஓடி டொரண்டில் ஊர்ந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

கொடுக்கும் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 4ஜி வீட்டு இணைப்பில் ஏற்றத்தின் வேகம் இறக்கத்தின் வேகத்தில் சிறு பங்குதான். அதிலும் டிடிடி வகை இணைப்பென்றால், ஏற்றமும் இறக்கமும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. அந்த நேரத்தில் பெரும்பங்கை இறக்கத்துக்கு ஒதுக்குவதே வழக்கம். டொரண்ட் மென்பொருளுக்கு இது தெரியாது. எல்லை போடாமல் விட்டால், மிஞ்சியிருக்கும் ஏற்ற வழி முழுவதையும் அது நிரப்பிவிடும். தரவு சிறு சிறு பொதிகளாக இறங்குகிறது, அவற்றுக்கு ‘கிடைத்தது’ என்ற சிறு பதில் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பதில்கள் ஏற்ற வரிசையில் பின்னால் சிக்கிக்கொண்டால், அனுப்புகிறவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஏற்றம் நிரம்பியதால் இறக்கம் விழுந்துவிடும்.

யோகபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இதை நேரே பார்த்தேன். மேசையில் மடிக்கணினி, பக்கத்து அறையில் பேத்தியின் இணையவழி வகுப்பு. டொரண்ட் ஓடத் தொடங்கியதும் வகுப்பிலுள்ள டீச்சரின் குரல் உடையும், படம் உறையும், பேத்தி “தாத்தா!” என்று கத்துவாள். “தம்பி, இரண்டும் ஒன்றாக ஓடாதா?” என்று கேட்டார் ஐயா. அவருடைய கியூபிட்டொரண்ட்டில் ஏற்ற எல்லை பூச்சியமாக இருந்தது. அந்த மென்பொருளில் பூச்சியம் என்றால் எல்லையே இல்லை என்று பொருள். வேகச் சோதனையில் ஏற்றம் 2 மெகாபிட் வந்தது, அதாவது வினாடிக்கு 250 கிலோபைட். அதில் 80 வீதத்தைக் கணக்கிட்டு 200 என்று எல்லை போட்டோம். வகுப்பு தெளிந்தது, இறக்கமும் ஏறியது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த எண்ணை டயரியில் குறித்துக்கொண்டார்.

இந்த ஆலோசனையைக் கேட்டவுடன் சிலர் மறு கரைக்கு ஓடிவிடுகிறார்கள். டேட்டா போகிறதே என்று ஏற்றத்தை 5 கிலோபைட்டுக்கு இறுக்கிவிடுவார்கள். டேட்டா கவலை நியாயமானது. ஏற்றமும் உங்கள் கணக்கில்தான் கழியும். ஆனால் பிராம் கோகென் 2001இல் இந்த முறையை உருவாக்கியபோதே கஞ்சத்தனத்துக்கு மருந்து வைத்துவிட்டார். ஒவ்வொரு கணினியும் ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை தனக்கு யார் கூடக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்குத் துண்டுகளைத் திறந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு அடைத்துவிடுகிறது. புதிதாக வருபவர்களுக்காக 30 வினாடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு வாய்ப்புத் தருகிறது. நீங்கள் 5 கிலோபைட் கொடுத்தால் அந்த இனாமை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். சீட்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களிடம் எல்லாத் துண்டும் இருப்பதால் உங்களிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் உபுண்டுவில் கஞ்சத்தனம் வெளியே தெரிவதில்லை. சீட் குறைந்த டொரண்ட்களில் தெரிகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கியூபிட்டொரண்ட்டில் பியர்களின் (உங்களோடு அதே கோப்பைப் பகிரும் மற்றக் கணினிகளின்) பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெரிய ‘டி’ (D) என்றால் உங்களுக்கு வேண்டும், அவர் தருகிறார். சிறிய ‘டி’ (d) என்றால் உங்களுக்கு வேண்டும், அவர் அடைத்து வைத்திருக்கிறார். பட்டியல் நிறையச் சிறிய ‘டி’யாக இருந்தால் கொடுக்கும் பக்கத்தைப் பாருங்கள். அடுத்ததாகப் பெரிய ‘ஐ’ (I) எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது வெளியிலிருந்து ஒருவர் தானாக உங்களைத் தேடி வந்து இணைந்ததற்கு அடையாளம். எவ்வளவு நேரம் ஓடவிட்டும் ஒரு ‘ஐ’கூட வரவில்லையா? அப்படியானால் வெளியாருக்கு உங்கள் வீட்டுக்கு வழி இல்லை.

4ஜி வீடுகளில் நான் அதிகம் காண்பது இந்தப் பழுதைத்தான். இதற்குத்தான் ஆட்கள் வீணாக இரவு முழித்துக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் எல்லோரும் ரவுட்டருக்குள் போய் போர்ட்டை (வெளித் தொடர்பு உள்ளே வரும் வாசலை) திறக்கச் சொல்கிறார்கள், அதைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பி வசதியைப் போடச் சொல்கிறார்கள். வீட்டுக்கென்று தனி இணைய முகவரி (ஐபி) உள்ள இணைப்பில் அது சரியான ஆலோசனை. எங்கள் இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது. பழைய ஐபிவி4 முறையில் இருக்கும் முகவரிகள் சுமார் 430 கோடிதான். உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கு மிஞ்சியிருந்த கடைசிப் பங்கில் அதே ஆண்டு ஏப்ரலில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த கைத்தொலைபேசி வலையமைப்புகள், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை நிறுத்தின. சீஜிநாட் என்கிறார்கள் அதை. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிற அழைப்பு கம்பனியின் வாசலிலேயே நின்றுவிடும். பின்னால் இருக்கும் வீடுகளில் அது யாருக்குரியது என்று அந்த வாசலுக்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடித்து ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறவுங்கள் (எந்த எண் என்பது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). அங்கே வான் (WAN) முகவரி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி என்று ஒன்று காட்டும். ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் தளம் ஒன்றையும் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டர் காட்டுவது 10இல் தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ, நீங்கள் சீஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இரண்டாவது வரிசையை 2012 ஏப்ரலில் இந்த வேலைக்கென்றே ஒதுக்கினார்கள். இதன் பிறகு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை.

இந்த நிலையில் உங்கள் கணினி, வழி திறந்திருப்பவர்களிடம் மட்டுமே தானாகப் போய் இணைய முடியும். உங்களைப் போலவே அடைபட்ட இன்னொருவரும் நீங்களும், மூன்றாமவர் ஒருவர் இடையில் நின்று துளை போட்டுக் கொடுத்தால் ஒழிய, சந்திப்பது கடினம். ஆயிரம் பேர் உள்ள டொரண்டில் இது பெரிய நட்டம் அல்ல. ஐந்து பேர் உள்ளதில் அந்த ஐவரும் உங்களைப் போன்றவர்களாக இருந்தால் கதை முடிந்தது. இணைய ஆவணக் காப்பகத்தின் டொரண்ட்கள் மட்டும் பியர் யாரும் இல்லாமலே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காப்பகத்தின் சேவரே வலைவழியாகத் துண்டுகளைக் கொடுப்பதால் அங்கே இந்தத் தடை தட்டுப்படுவதில்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. கம்பனி புதிய முகவரி முறையான ஐபிவி6 கொடுக்கிறதா என்று அதே நிலைப் பக்கத்தில் பாருங்கள். 2இல் தொடங்கும் நீண்ட முகவரி இருந்தால் உண்டு. மென்பொருளிலும் அதை இயக்கிவிட்டால், கம்பனியோ ரவுட்டரோ மறிக்காத வரை, ஐபிவி6 உள்ளவர்கள் உங்களை நேரே அடையலாம். ரவுட்டரில் ஒரு தெரிவை மாற்றுவதோடு வேலை முடிவதால் முதலில் இதைத்தான் முயலச் சொல்வேன். பொது முகவரியைக் கட்டணத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசியை எடுப்பவருக்கு இதைப் புரியவைப்பதற்குப் பொறுமை வேண்டும். என்ன சொன்னாலும் “ரவுட்டரை நிறுத்திவிட்டு மீண்டும் போடுங்கள்” என்பார். போர்ட் திறந்து தரும் விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சேவர் வழியாகக் கொண்டுபோகும் சேவை) மூன்றாவது வழி. அதற்கு மாதக் காசு, அதற்கு மேல் வேகத்திலும் கொஞ்சம் கழியும். பள்ளிப் பிள்ளைகளின் லினக்ஸுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தத் தொலைபேசிக்காரரின் வைத்தியம் சில வேளை பலிப்பதற்கும் காரணம் உண்டு. மலிவு ரவுட்டர்கள் தங்களூடாகப் போகும் ஒவ்வொரு தொடர்பையும் ஓர் அட்டவணையில் எழுதி வைக்கின்றன. டொரண்ட் நூற்றுக்கணக்கில் தொடர்புகளைத் திறக்கும். டீஹெச்டி என்ற தேடல் முறை அதற்கு மேலும் சேர்க்கும். அட்டவணை நிரம்பினால் புதிதாக ஒரு வலைப்பக்கம் திறப்பதே இழுபறியாகிவிடும். ரவுட்டரை நிறுத்தினால் அட்டவணை வெறுமையாகும், ஓரிரு மணித்தியாலத்தில் மீண்டும் நிரம்பும். கியூபிட்டொரண்ட்டில் மொத்தத் தொடர்பின் எல்லை 500 என்று இருக்கும், 200க்கு இறக்கிவிடுங்கள்.

இன்னொரு தெரிவு. டொரண்ட் மென்பொருள்கள் மியூடிபி என்ற நெறிமுறையையும் பயன்படுத்துகின்றன. மற்றப் பாவனையாளருக்கு இடைஞ்சல் கொடுக்காமல் இருப்பதற்காக, பொதிகளின் தாமதம் கூடத் தொடங்கினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். 100 மில்லி வினாடி அதன் அளவுகோல். நல்ல குணம்தான். டவர் இணைப்பில் தாமதம் காரணமில்லாமலே ஏறி இறங்கும் என்பதால், நெரிசல் இல்லாத நேரத்திலும் அது பயந்து ஒதுங்கலாம். தெரிவுகளில் வழமையான நெறிமுறையான டிசிபியை மட்டும் வைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கம்பனியே டொரண்டை நசுக்குகிறது என்ற பேச்சு ஊரில் எப்போதும் உண்டு. நடக்காத விடயம் அல்ல. அமெரிக்காவில் கொம்காஸ்ட் என்ற இணையக் கம்பனி இதைச் செய்தது 2007இல் வெளிச்சத்துக்கு வந்து, 2008இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு அதைக் கண்டித்தது. இங்கே அப்படி என்று சொல்வதற்கு முன், மென்பொருளில் குறியாக்கத்தை (டொரண்ட் என்று வெளியே எளிதில் தெரியாமல் மறைப்பதை) கட்டாயமாக்கிப் பாருங்கள். அதனால் வேகம் பாய்ந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் வேகம் விழுகிறது என்றால் டேட்டா அளவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

டவருக்கு உரிய பழியையும் கொடுத்துவிடுகிறேன். மாலை 7 மணியிலிருந்து 11 மணி வரை எல்லா வீட்டிலும் நாடகமும் காணொளியும் ஓடும். அந்த நேரத்தில் தூரத்து வீடுகள் படும் பாட்டை வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: குளம் வான் பாய்ந்தாலும், மேல் வயல்காரர் மடையை அடைக்கும் வரை வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. மடையை அடைக்க நம்மால் முடியாது. ரவுட்டரை நகர்த்த முடியும். நிலைப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 90க்கு மேலே நல்லது, மைனஸ் 110க்குக் கீழே சிரமம். குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலிருந்து டவர் பக்கத்து யன்னலுக்கு மாற்றினால் இந்த எண் மாறுவதை உடனேயே பார்க்கலாம். தகரக் கூரைக்குக் கீழே, தகரத்தைத் தொடுகிற உயரத்தில் ரவுட்டரைக் கட்டித் தொங்கவிடுவதால் எந்த நன்மையும் இல்லை. உலோகம் அலையைத் தடுக்கும். வெளியே கம்பத்தில் அன்டெனா போட்டவர்கள் ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலில் அதைக் கழற்றி வைக்க மறக்க வேண்டாம்.

பென் டிரைவுக்கு நேரே இறக்குபவர்களும் இருக்கிறார்கள். பழைய ஃபாட்32 முறையில் அமைத்த டிரைவ் 4 ஜிகாபைட்டைத் தொடும் எந்தக் கோப்பையும் ஏற்காது. பிழை காட்டி நிற்பதை வேகக் குறைவென்று நினைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா கிடைக்கும் பக்கேஜ் உங்களிடம் இருந்தால், மென்பொருளில் மாற்று வேக எல்லையும் அதற்கான நேர அட்டவணையும் இருக்கின்றன. பகலில் இரண்டு பக்கமும் இறுக்கி வையுங்கள், இரவில் இறக்கத்தைத் திறந்து ஏற்றத்தை 80 வீதத்தில் விடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் மின்கல யூபிஎஸ் வாங்கிக் கொடுத்தால் நடு இரவு மின்தடையும் பொருட்டல்ல, மடிக்கணினியில் சொந்த மின்கலம் இருக்கிறது.

கணினி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரே அறையில் பத்துக் கணினியும் ஒரே கோப்பை இறக்கினால், டவர் வழியாக அது பத்து முறை வர வேண்டியதில்லை. மென்பொருளில் உள்ளூர்ப் பியர்களைக் கண்டுபிடிக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை எல்லாக் கணினிகளிலும் இயக்கினால், ஒரு கணினிக்கு வந்த துண்டை மற்றவை அறைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். அதற்கு டேட்டா கழியாது, சீஜிநாட்டும் குறுக்கே வராது. உள்ளூர் வலையமைப்புக்கும் வேக எல்லையைப் பிரயோகி என்ற தெரிவில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அறைக்குள்ளும் 200 கிலோபைட்டில்தான் ஓடும். ஒரு கணினியை மற்றொன்று காணவே இல்லை என்றால், ரவுட்டரின் வைஃபை அமைப்பில் கணினிகளை ஒன்றையொன்று காணாமல் பிரித்து வைக்கும் ஏபி ஐசொலேஷன் என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கலாம், அதையும் நிறுத்த வேண்டும். இயலுமானால் ஒரு கணினியையாவது கேபிளில் செருகி, அதை முதலில் முழுமையாக இறக்கவிட்டு, பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள்.